வாய் மட்டும் பாக்கி

எர்காஷின் கடையில் முடி வெட்டிக்கொண்டவர்கள், கண்ணாடியைப் பார்த்து "எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்கவே கூடாது. கேட்டால் தொலைந்தார்கள். எங்கள் ஊர் கிஜ்துவான் கடைத்தெருவில் வேறு எந்த நாவிதரிடம் கேட்டாலும், "மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்க, போங்க" என்று துண்டை உதறி அனுப்பிவிடுவார். எர்காஷ் கத்தரியைக் கீழே வைப்பான், தலையைச் சாய்த்து உற்றுப் பார்ப்பான். பிறகு, "காது ரெண்டும் விடைச்சுக்கிட்டு நிக்குது. அது என் குத்தமில்ல, உங்க வாப்பா குடுத்தது" என்பான். கல்யாணத்துக்குப் போக வந்தவன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு எழுந்து போவான். ஆனாலும் அடுத்த மாதம் அவனிடமே வந்து உட்காருவான், வேலை அப்படி.

வாழ்த்துச் சொல்வதிலும் இதே தொல்லைதான். எங்கள் பக்கத்தில் இரண்டு பேர் எதிர்ப்பட்டால் நெஞ்சில் கை வைத்து, "சுகமா, வீட்ல சுகமா, புள்ளைங்க சுகமா, ஆடுமாடு சுகமா" என்று ஒரே மூச்சில் கேட்டுக்கொண்டே கடந்து போவோம். பதிலுக்காகவா கேட்கிறோம்? எர்காஷ் நின்றுவிடுவான். "முட்டி வலிக்குது. வீட்டுக்காரி மஸ்தூரா நேத்துலேர்ந்து என்கூடப் பேசல. மாடு எங்ககிட்ட இல்ல" என்று வரிசையாகச் சொல்வான். கேட்டவன் விழிப்பான். இதனாலெல்லாம் தெருவில் அவனுக்குத் தராசு என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அவன் பிறவியிலேயே இப்படி இல்லை. சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு எங்கள் தெருப் பள்ளிவாசலின் பக்கத்து அறையில் சிலர் வட்டமாக உட்காருவார்கள். கண்ணை மூடி, நாக்கை அண்ணத்தோடு ஒட்டிவைத்து, இறைவன் பெயரை நெஞ்சுக்குள்ளேயே சொல்லிக்கொள்வார்கள். சத்தமில்லாத திக்ரு. யாரைப் பற்றியாவது கசப்பாக நினைப்பு வந்தால் அதோடு மல்லுக்கட்டாமல் மெதுவாக ஓரமாக எடுத்து வைத்துவிட்டு மறுபடி பெயருக்குத் திரும்ப வேண்டும். எழுந்திருக்கும் முன்பு, இன்றைக்கு மனதில் இல்லாத எதையாவது வாய் சொன்னதா என்று ஒவ்வொருவரும் தனக்குள் பார்த்துக்கொள்ள வேண்டும். வாய் மனதை முந்தக் கூடாது, அதுதான் அங்கே சட்டம். மற்றவர்கள் முடிந்த அளவு கடைப்பிடித்தார்கள். எர்காஷ் முழுசாகப் பிடித்துக்கொண்டான்.

நினைப்பை ஓரமாக எடுத்து வைப்பதில் அவன் கெட்டிக்காரன். அப்படி எடுத்து வைத்து, வருஷக்கணக்காகத் தொடாமலே விட்டிருந்த ஒரு பெயர் உண்டு. அது அவனுடைய சொந்த அண்ணன் தூர்தி.

தூர்தியை யாருக்குத்தான் பிடிக்காது! கல்யாண வீடுகளில் பலாவ் ஆக்குகிறவர். பெரிய கொப்பரை, தோளில் துண்டு, வாய் ஓயாத பேச்சு. அரிசி குழைந்து போனால், "பல்லு இல்லாதவங்க நெறைய வந்திருக்காங்கன்னு கேள்விப்பட்டேன், அதான்" என்பார். மணப்பெண் எப்படி இருந்தாலும், "இந்த மாதிரி முகத்தை நான் இதுவரைக்கும் பார்த்ததில்ல" என்பார். அது பொய்யென்றும் சொல்ல முடியாது. யாருக்கு எது கேட்டால் மனசு குளிருமோ, அதையே எடுத்து ஊட்டிவிடுகிற ஆள்.

அந்தக் குணம்தான் வினையாகப் போனது. எர்காஷ் அப்போது ரஷ்யாவில், சமாராவில் கட்டட வேலையில் இருந்தான். வெள்ளிக்கிழமைதோறும் போன் செய்வான். உம்மாவிடம் கொடு என்றால் தூர்தி, "உம்மாவா? இப்பத்தான் என்னை வெளக்குமாத்தால அடிக்க வந்தா. பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கா, அவளுக்கென்ன, நம்மளை எல்லாம் புதைச்சிட்டுத்தான் போவா!" என்று சிரிப்பார். உம்மா படுத்த படுக்கையாகக் கிடந்ததை மறைத்து வாராவாரம் இதே பாட்டுதான். பிறகு ஒரு நாள் நடுவாரத்தில் போன் வந்தது, உம்மாவை நேற்று அடக்கம் செய்தாயிற்று என்று. எங்கள் பக்கத்தில் மய்யித்தை வைத்துக்கொண்டு காத்திருக்கிற வழக்கம் கிடையாது. அவன் வந்து சேர்ந்தபோது கபர் மேல் போட்ட ஈரமண் காய்ந்து வெளுத்துப் போயிருந்தது.

சாகப்போகிறவர்கள் பொருத்தம், அதாவது மன்னிப்பு, கேட்டுவிட்டும் கொடுத்துவிட்டும் போக வேண்டும். "என்னைப் பொருந்திக்க" என்று ஒருவர் கேட்பார். "ஆயிரம் தடவை பொருந்திக்கிட்டேன், நீயும் என்னைப் பொருந்திக்க" என்று மற்றவர் சொல்வார். மனத்தாங்கல் எல்லாம் அதோடு கழுவப்பட்டுவிடும். உம்மாவின் பொருத்தம் வாங்காத பிள்ளை எங்கே போனாலும் அந்தக் குறை கூடவே போகும். எர்காஷ் கபர் தலைமாட்டில் உட்கார்ந்து அழுதபோது தூர்தி பக்கத்தில் வந்து, "தம்பி, உம்மா உன்னைப் பொருந்திக்கிட்டுத்தான் போனா. நான் காதால கேட்டேன்டா" என்றார்.

"உங்க காதால கேட்டது, உங்க வாயால சொன்னது" என்றான் எர்காஷ். "அண்ணே, இனிமே உங்க வாயிலேர்ந்து வர்ற எதை நான் நம்பறது?"

அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரே தெருவில் இருந்துகொண்டு, எதிரே வந்தால் நெஞ்சில் கை வைத்துவிட்டுப் போனார்கள். எர்காஷ் ரஷ்யாவுக்குத் திரும்பவில்லை. நாற்காலி வாங்கிப் போட்டுக் கடை வைத்தான், அந்த மௌன வட்டத்தில் போய் உட்கார்ந்தான். தூர்தி வேறு நாவிதரிடம் போய்க்கொண்டார். அண்ணன்மேல் கோபமா என்று யாராவது கேட்டால் எர்காஷ், "கோபமில்ல. அவரை நான் நெனைக்கறதே இல்ல" என்பான். அதை அவன் சத்தியமாகவே நம்பினான், பாவம்.

வாதுமைக் கிளைகளில் மொட்டுக் கட்டிய சமயம் அது. ஒரு மத்தியானம் கடை வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். ஆம்பளைகள் சவரம் செய்துகொள்கிற கடைக்கு எந்தப் பெண் வருவாள்? நாற்காலியில் இருந்தவர் நுரை பூசிய முகத்தோடு திரும்பிப் பார்த்தார். தூர்தியின் மனைவி சலோமத் மதினி. செருப்பு இரண்டும் வேறு வேறு ஜோடியாக இருந்தது.

"தம்பி, அவர் உன்னைக் கேட்கறார்" என்றாள். "ஆஸ்பத்திரியில வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டாங்க. கத்தியையும் எடுத்துட்டு வரச் சொன்னார். சவரம் பண்ணணுமாம்."

எர்காஷ் போனான். முற்றத்தைப் பார்த்த அறையில் மெத்தைகளை அடுக்கி அண்ணனைச் சாய்த்து வைத்திருந்தார்கள். கொப்பரையைத் தனியாகத் தூக்குகிற மனுஷர், போர்வைக்குள் இருக்கிறாரா இல்லையா என்று பார்க்கும்படி ஆகிவிட்டிருந்தார்.

"வாடா தராசு" என்றார் தூர்தி. "நான் எப்படி இருக்கேன், சொல்லு. வர்றவன் எல்லாம் தேறிட்டீங்க, தேறிட்டீங்கன்னு சொல்லிட்டுப் போறான். கடுப்பா வருது."

எர்காஷ் உட்கார்ந்து அவரையே பார்த்தான். "கண்ணு மஞ்சளா இருக்கு. நகமும்தான். நாள் அதிகம் இல்லண்ணே."

"அப்பாடா!" தூர்தி சிரிக்கப் பார்த்து இருமினார். "ஒருத்தனாவது சொன்னானே. சலோமத், கேட்டியா? எனக்கு மட்டும்தான் தெரியாதுன்னு எல்லாரும் நெனைச்சுக்கிட்டு இருக்காங்க. சரி, சவரம் பண்ணு. உயிரெடுக்கற மலக்குகள் வந்து பார்த்துட்டு யாருடா இந்தக் கரடின்னு கேட்கக் கூடாது."

மதினி வெந்நீர் கொண்டுவந்தாள். எர்காஷ் துணியை நனைத்துப் பிழிந்து அண்ணன் கன்னத்தில் வைத்தான். எத்தனையோ முகங்களைத் தொட்ட கை, இந்த முகத்தைத் தொட்டபோது கொஞ்சம் நின்றது. கன்னம் உள்ளே ஒட்டிப்போயிருந்தால் கத்தி நழுவும், விரலை வாய்க்குள் விட்டு உள்ளிருந்து தாங்கிக்கொண்டு மழிக்க வேண்டும். அப்படியே செய்தான். மோவாய்க்கடியில் சின்ன வயதில் மல்பெரி மரத்திலிருந்து விழுந்த தழும்பு இருந்தது. அதைச் சுற்றிக் கத்தியை வளைத்துக் கொண்டுபோனான். தூர்தி கண்ணை மூடிக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாகப் பேசாமல் கிடந்தார். மீசையைக் கத்தரித்து ஒழுங்கு பண்ணி, துண்டால் ஒற்றி எடுத்த பிறகுதான் கண்ணைத் திறந்தார்.

"தம்பி, என்னைப் பொருந்திக்க" என்றார்.

ஒரு வார்த்தை. எதிரிகூடச் சொல்லிவிடுவான். சாகப்போகிறவன் கேட்டால் தெருவில் போகிறவனும் நின்று, ஆயிரம் தடவை பொருந்திக்கிட்டேன் என்று சொல்லிவிட்டுப் போவான். எர்காஷுக்கும் அது நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவன் வழக்கப்படி உள்ளே திரும்பிப் பார்த்தான், மனதில் அது இருக்கிறதா என்று. இல்லை. அந்தக் காய்ந்து வெளுத்த மண்தான் இருந்தது.

"என்னடா?" என்றார் தூர்தி. "உம்மாகூட உன்னைப் பொருந்திக்கிட்டு..."

"அதைச் சொல்லாதீங்க!" எர்காஷின் குரல் உயர்ந்துவிட்டது. மதினி வாசலில் அப்படியே நின்றாள். அவன் தணிந்து, கத்தியைத் துடைத்துக்கொண்டே சொன்னான். "அண்ணே, வாயால சொல்லிட்டுப் போறது எனக்குப் பெரிசில்ல. அது உங்களுக்கு வேணாம். உள்ளே இன்னும் வரல. இன்னிக்கு அஸருக்குப் பொறவு உட்கார்றேன், விடியக்காலை சுபுஹுக்குப் பொறவும் உட்கார்றேன். மனசைச் சரிபண்ணிட்டு நாளைக்கு வந்து சொல்றேன். உண்மையாவே சொல்றேன்."

தூர்தி அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கோபம் இல்லை, கேலிகூட இல்லை. தம்பியின் கையைத் தொட்டு மெல்லத் தட்டினார்.

"சரிடா. யோசிச்சுச் சொல்லு. நான் எங்க போயிடப் போறேன்" என்றார்.

நியாயமாகத்தான் நடந்துகொண்டோம் என்று எண்ணிக்கொண்டுதான் எர்காஷ் வீட்டுக்குப் போனான். எல்லோரும் கொடுப்பது வெறும் வார்த்தை, நான் கொடுக்கப்போவது அசல் என்று அவனுக்குள் ஓர் ஓரத்தில் பெருமைகூட இருந்தது. நடந்ததைக் கேட்ட மஸ்தூரா ரொட்டி மாவுக் கையோடு எழுந்து நின்றுவிட்டாள்.

"நாளைக்கா? நாளைக்குன்னா சொன்னே?"

"மனசுல இல்லாததை எப்படி..."

"உன் மனசு என்ன அடுப்புல வெச்ச ரொட்டியா, வேகட்டும்னு காத்துக்கிட்டு இருக்க? அவர் கெடக்கற கெடையில நாளைக்கு உண்டான்னு யாருக்குத் தெரியும்? போ, இப்பவே போய்ச் சொல்லிட்டு வா. வேகாததையே குடு, அவர் தின்னுக்குவார்."

"பொய் சொல்லச் சொல்றியா?"

"ஆமாய்யா, சொல்லு! ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டு வந்து ஆயுசு பூரா நாக்கை ஒட்டிவெச்சுக்கிட்டு உட்காரு, யார் வேணாங்கறா? செத்துக்கிட்டு இருக்கற மனுஷன்கிட்ட போய் கணக்கு பார்த்துட்டு வந்திருக்கான். பெரிய மகான், அவுலியா!"

அவளோடு சண்டைக்கு நிற்கவில்லை. கசப்பை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு, வழக்கம்போல அஸருக்குப் பள்ளிவாசலுக்குப் போனான். வட்டத்தில் உட்கார்ந்தான். அண்ணன் முகம் வந்தது, கூடவே மண் வந்தது. அதையும் ஓரமாக எடுத்து வைத்தான். அது திரும்பத் திரும்ப வந்தது. அன்றைக்கு ஒன்றும் சரிப்படவில்லை, இரவும் தூக்கமில்லாமல் போயிற்று.

சுபுஹு தொழுதுவிட்டு அவன் வீட்டுக்குப் போகாமல் வாய்க்கால் கரையில் போய் உட்கார்ந்தான். வெளிச்சம் வர ஆரம்பித்திருந்தது. இந்தத் தடவை எதையும் ஓரமாக எடுத்து வைக்க வேண்டாம், நேராகவே பார்த்துவிடுவோம் என்று துணிந்தான். உம்மாவைப் பார்க்கவிடாமல் பண்ணியது யார்? தூர்தி. என்ன சொன்னார்? உம்மா நல்லா இருக்கா என்றார். சரி, நீ என்ன கேட்டாய்? இந்த இடத்துக்கு அவன் இதுவரைக்கும் வந்ததே இல்லை. கடைசி வெள்ளிக்கிழமை போனில் தூர்தியின் குரலுக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. யாரோ யாசீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். யாசீன் சாகக் கிடக்கிறவர்களுக்குத்தான் ஓதுவார்கள் என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

"யாருண்ணே ஓதறா?" என்று கேட்டிருந்தான். "ரேடியோடா" என்றார் தூர்தி. "சரி" என்று சொல்லிவிட்டான்.

சரி என்று சொன்னது யார்? அவன்தானே? ரேடியோவில் ஓதுகிற குரல் நடுநடுவே மூக்கை உறிஞ்சுமா? அது பக்கத்து வீட்டில் குர்ஆன் ஓதுகிற ஹாபிஸின் குரல் என்று அவனுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. கிளம்பி வந்திருந்தால் உம்மாவை உயிரோடு பார்த்திருக்கலாம். ஆனால் அவனுக்குப் பயம். உம்மா சாவதைக் கண்ணால் பார்க்கிற தெம்பு இல்லை. அண்ணன் ஒரு பொய்யை நீட்டினார், இவன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். வாங்கிக்கொண்டதை மறந்துவிட்டு, கொடுத்தவரை மட்டும் இத்தனை காலமும் குற்றவாளியாக நிறுத்திவைத்திருக்கிறான். தெருவில் பிறத்தியார் காது பெரிசாக இருப்பதைச் சொன்ன வாய், தனக்கு இதைச் சொல்லிக்கொள்ளவே இல்லை. நினைப்பதே இல்லை என்று பீற்றிக்கொண்டதெல்லாம் இந்த இடத்துக்கு வராமல் இருப்பதற்குத்தானா!

கரையில் உட்கார்ந்து அவன் வாய்விட்டு அழுதான். அழுது முடிந்தபோது உள்ளே தேடிப் பார்த்தான், மண் இல்லை. மல்பெரி மரத்திலிருந்து விழுந்து மோவாய் கிழிந்து, தம்பி பயந்துவிடக் கூடாது என்று, "வலிக்கவே இல்லடா" என்று சிரித்த சிறுவன்தான் இருந்தான். எர்காஷ் எழுந்தான். பொருந்திக்கிட்டேன் என்று சொல்ல மட்டும் இல்லை, என்னைப் பொருந்திக்கங்கண்ணே என்று கேட்கவும் வேண்டியிருந்தது. முட்டி வலியை மறந்து கரையோரமாக ஓடினான். ஐம்பது தாண்டிய மனுஷன், தொப்பி கையில், செருப்புக்குள் சேறு.

தெரு திரும்பியதும் நின்றான். அண்ணன் வீட்டு வாசலில் ஆம்பளைகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். எல்லோரும் நீள அங்கி போட்டு இடுப்பில் துணி கட்டியிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் அப்படி இடுப்பு கட்டி வாசலில் நின்றால் ஒரே அர்த்தம்தான்.

அவனைப் பார்த்ததும் ஒருவர் வந்து ஓர் அங்கியை அவன் தோளில் போட்டார். இன்னொருவர் இடுப்பில் துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டார், கையில் ஒரு கம்பைக் கொடுத்தார். தம்பி என்றால் வரிசையில் முதல் ஆளாக நிற்க வேண்டும். வருகிறவர்கள் கேட்கும்படி "என் அண்ணே, என் அண்ணே" என்று குரல் எடுத்து அழ வேண்டும், அது முறை. மற்றவர்கள் முறைக்கு அழுதார்கள். எர்காஷுக்குக் குரலே வரவில்லை. "பாரு, இன்னிக்குக்கூடத் தராசு இறங்கல" என்று வரிசையின் கடைசியில் யாரோ முணுமுணுத்தது அவன் காதில் விழுந்தது.

குளிப்பாட்டுவதற்கு முன் முகம் பார்க்க உள்ளே கூப்பிட்டார்கள். சலோமத் மதினி தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அண்ணன் முகம் வழுவழுவென்று சுத்தமாக இருந்தது, அவன் மழித்தது மழித்தபடி. மோவாய்த் தழும்புகூடப் பளிச்சென்று தெரிந்தது.

"மதினி" என்றான். "சுபுஹுக்குப் பொறவு வர்றேன்னு..."

"பள்ளியில எல்லாரும் தொழுதுக்கிட்டு இருக்கறப்பவே போயிட்டார்" என்றாள் அவள். அழுது ஓய்ந்த குரல். "ராத்திரி நடுவுல முழிச்சு, தம்பி வந்தானான்னு கேட்டார். எனக்குத் தாங்கல. வந்தான், நீங்க தூங்கிட்டு இருந்தீங்க, ஆயிரம் தடவை பொருந்திக்கிட்டேன்னு சொல்லிட்டுப் போனான்னு சொன்னேன்."

எர்காஷ் நிமிர்ந்து பார்த்தான்.

"சிரிச்சார்" என்றாள் மதினி. "'அடி போடி, நாப்பது வருஷமா என்கூட இருந்தும் உனக்குப் பொய் சொல்ல வரல. அவன் வந்திருந்தா என்னை எழுப்பாம போவானா'ன்னார். அப்புறம் கன்னத்தைத் தடவிக்கிட்டே இருந்தார், நீ சவரம் பண்ண கன்னத்தை. 'கை பொருந்திக்கிச்சு சலோமத். வாய் மட்டும் பாக்கி. அது நாளைக்கு வரும். வந்தா, நான் அவனைப் பொருந்திக்கிட்டேன்னு சொல்லிடு'ன்னார். அதுதான் கடைசிப் பேச்சு."

எர்காஷ் குனிந்து அண்ணன் கன்னத்தில் தன் கன்னத்தை வைத்தான். ஜில்லென்று இருந்தது. "பொருந்திக்கிட்டேண்ணே. ஆயிரம் தடவை. என்னை... என்னைப் பொருந்திக்கங்க" என்று காதோடு சொன்னான். உண்மையிலும் உண்மை, ஒரு நூல் பிசகு இல்லை. வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

"இன்னொண்ணும் சொல்லணும் உனக்கு" என்றாள் மதினி. "உங்க உம்மா போறப்ப தலையை மடியில வெச்சிருந்தது நான். எர்காஷைப் பொருந்திக்கிட்டேன், அவன் வெளியூர்ல கெடக்கான், அவன்கிட்ட சொல்லிடுங்கன்னு சொன்னா. இவர் ஆயிரம் பொய் சொல்லுவார். அது பொய் இல்ல."

குளிப்பாட்டுகிறவர்கள் வந்து அவன் தோளைத் தொட்டு எழுப்பினார்கள்.

உடலைத் தூக்கிவந்த சந்தூக்கைப் பள்ளிவாசல் வாசலில் இறக்கி வைத்ததும் இமாம் கூட்டத்தைப் பார்த்து, "இந்த மனுஷன் எப்படிப்பட்டவர்?" என்று கேட்டார். எப்போதும் கேட்கிற கேள்விதான், எப்போதும் ஒரே பதில்தான். "நல்லவர்! நல்ல மனுஷன்!" என்று தெரு முழுவதும் சொன்னது. அவர்களோடு எர்காஷும் தொண்டை கிழியச் சொன்னான். பக்கத்தில் நின்றவருக்குக்கூட அது தனியாகக் கேட்கவில்லை. எல்லோரும் சொன்னதில் அதுவும் ஒன்றாகப் போயிற்று.

அடக்கம் முடிந்து திரும்பி வந்தார்கள். முற்றத்தில் பெஞ்சு போட்டிருந்தார்கள், அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து தேநீரும் ரொட்டியும் வந்திருந்தன. எர்காஷ் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தான். பெண்கள் இருந்த பக்கத்திலிருந்து சலோமத் மதினி போனோடு வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"மொஹிரா" என்றாள். தூர்தியின் ஒரே மகள், ரஷ்யாவில் கஸானில் தையல் வேலைக்குப் போயிருப்பவள். "உன்கிட்டத்தான் பேசணுங்கறா." போனை நீட்டுகிறபோதே வாயசைத்து, சத்தமில்லாமல், 'சொல்லிட்டேன், பொருந்திக்கிட்டேன்னு நீ வந்து சொன்னதா சொல்லிட்டேன்' என்றாள்.

"சாச்சா" என்றது அந்தப் பக்கம். அழுது அழுது மூக்கடைத்த குரல். "முந்தாநாள்கூட வாப்பா சூப் குடிச்சார், நடந்தார்னுதான் உம்மா சொன்னாங்க. நான் நம்பிட்டேன் சாச்சா. இப்ப நிம்மதியாப் போனார், சாச்சா வந்து பொருத்தம் குடுத்தாருன்னு சொல்றாங்க. என்னைச் சமாதானப்படுத்த அவங்க எதையும் சொல்வாங்க. நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. நீங்க சொல்லுங்க. குடுத்தீங்களா?"

முற்றத்தில் பேச்சு நின்றுவிட்டது. மதினி இரண்டு கையையும் நெஞ்சோடு சேர்த்து அவனையே பார்த்தாள். ஆமாம் என்ற ஒரு வார்த்தை போதும். அந்தப் பெண் இன்றைக்கு ஒரு வாய் தண்ணீர் குடித்துத் தூங்குவாள். அன்றைக்குப் போனில் அண்ணன் தன்னிடம் ஏன் பொய் சொன்னார் என்பது எர்காஷுக்கு இப்போதுதான் முழுசாகப் புரிந்தது. அந்தப் பொய் எவ்வளவு பிரியத்தோடு வரும் என்று தெரிந்தது. வாங்கிக்கொண்டவனுக்கு அது என்ன பண்ணும் என்பதும் அவனுக்குத் தெரியும்.

"இல்லம்மா" என்றான். "கேட்டார். நான் குடுக்கல. மனசுல இன்னும் வரல, நாளைக்குச் சொல்றேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். காலையில ஓடி வந்தேன். போயிட்டார்."

போனில் எங்கோ தையல் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

"காத்துக்கிட்டு இருந்தாரா?"

"இருந்தார்மா."

ஒரு விம்மல் வந்து நின்றது. எர்காஷ் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். வாழ்நாளில் உயிரோடு இருக்கிற யாரிடமும் கேட்காததை, மகள் வயதுப் பெண்ணிடம், தெரு முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கக் கேட்டான்.

"மொஹிரா, என்னைப் பொருந்திக்கம்மா."

அவள் கோபமாகச் சொல்லவில்லை, களைத்துப் போய்த்தான் சொன்னாள்.

"இப்ப என்னால முடியல சாச்சா. வாயால சொன்னா உங்களுக்குப் பிடிக்காது. நாளைக்குச் சொல்றேன்."

எர்காஷ் கண்ணை மூடிக்கொண்டான்.

"சரிம்மா" என்றான். "யோசிச்சுச் சொல்லு. நான் எங்க போயிடப் போறேன்."

அந்த வார்த்தையைக் கேட்டதும் சலோமத் தலைத்துணியை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.